கோதுமை ஒத்துக்கொள்ளாத வயிறு: வடக்கில் நூற்றுக்கு ஒருவர், நம் பக்கம் எத்தனை பேர்?

கோதுமையைப் பற்றி நம் மளிகை வியாபாரிகளுக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. பஞ்சாப் சரக்கு எது, மத்தியப் பிரதேசச் சரக்கு எது என்று கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவோம். எந்த மாதம் விலை இறங்கும், மழைக்காலத்தில் ரவையில் எத்தனை நாளில் வண்டு விழும், எந்த மில் மைதா பரோட்டாவுக்கு இழுபடும் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் இதே கோதுமை சிலருடைய குடலை உள்ளுக்குள்ளேயே புண்ணாக்கிவிடும் என்பதும், அப்படிப்பட்டவர்கள் வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் இருக்கிறார்கள் என்பதும் நம்மில் பலருக்குப் புதிய செய்தி.

இந்த நோய்க்குச் 'சீலியாக்' என்று பெயர். தமிழ்நாட்டில் இது மிக அரிது. ஏன் அரிது, இனிமேலும் அரிதாகவே இருக்குமா, இதற்கும் நம் கடைக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் அல்ல. கள்ளக்குறிச்சியில் தானிய மொத்த வியாபாரம் செய்கிறவன். டாக்டர்கள் ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்து வெளியிட்டதை வியாபாரக் கண்ணோடு பார்த்துச் சொல்கிறேன்.

பரோட்டா மாவும் குடலும்

பரோட்டா மாஸ்டர் மாவை விசிறி இழுக்கும்போது அது கிழியாமல் துணி மாதிரி விரிகிறது. சாமை மாவையோ கேழ்வரகு மாவையோ அப்படி இழுக்க முடியுமா? முடியாது. உதிர்ந்துவிடும். கோதுமையில் உள்ள 'குளூட்டன்' என்ற பசைப் புரதம்தான் இந்த இழுவைக்குக் காரணம். கோதுமையைப் போலவே பார்லியிலும், மேல்நாட்டு 'ரை' தானியத்திலும் இதே வகைப் புரதம் உண்டு.

சாதாரணமானவர்களுக்கு இந்தப் பசையால் தீங்கு இல்லை. சீலியாக் நோய் உள்ளவரின் உடம்பு மட்டும் இதை எதிரியாக நினைத்துச் சண்டைக்குப் போகிறது. சண்டை நடக்கும் இடம் சிறுகுடல். சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சி எடுக்கும் நுண்ணிய குடல் உறிஞ்சிகள் அங்கே தேய்ந்து மழுங்கிப் போகின்றன. அதன்பின் எவ்வளவு சத்தான உணவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. குழந்தையாக இருந்தால் ஓயாத வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, எடை ஏறாமை, வயதுக்குத் தகுந்த உயரம் இல்லாமை. பெரியவர்களுக்கு மருந்துக்கும் அசையாத ரத்தசோகை, எலும்புத் தேய்மானம், ஓயாத களைப்பு. சிலருக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் இருக்காது. ரத்தசோகை மட்டும் தெரியும். அதனால்தான் இந்த நோய் பல வருஷங்கள் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடுகிறது.

இதைக் குணமாக்க இன்றுவரை மாத்திரை கிடையாது. ஆயுள் முழுவதும் கோதுமையையும் பார்லியையும் அறவே விட்டுவிடுவதுதான் வைத்தியம். விட்டுவிட்டால் குடல் தானாகவே ஆறிக்கொள்ளும். ஆக, இந்த நோயாளிக்கு மருந்துக் கடையை விட மளிகைக் கடையில்தான் வேலை அதிகம்.

ரொட்டித் தட்டுப்பாட்டில் தெரிந்த உண்மை

1888-ல் லண்டன் டாக்டர் சாமுவேல் ஜீ இந்த நோயின் அடையாளங்களைத் தெளிவாக எழுதி வைத்தார். உணவில்தான் பரிகாரம் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1924-ல் அமெரிக்காவில் டாக்டர் சிட்னி ஹாஸ் என்பவர் இந்தக் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தைப் பிரதானமாகக் கொடுத்துப் பார்த்தார். குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்தில் ஏதோ மகிமை இருப்பதாக உலகம் நினைத்தது. உண்மையில், வாழைப்பழம் வந்த இடத்தில் ரொட்டி போய்விட்டது. குணம் அதனால் வந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் குளிர்காலமான 1944-45-ல் ஹாலந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் மெலிந்தபோது, சீலியாக் குழந்தைகளின் வயிற்றுக் கோளாறு மட்டும் தணிந்தது. ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. யுத்தத்துக்கு முன்பே கோதுமையின் மேல் சந்தேகம் கொண்டிருந்த டிக்கே, 1950-ல் தம் ஆராய்ச்சி நூலில் இதை நிரூபித்துக் காட்டினார்.

உலகக் கணக்கு

ரத்தப் பரிசோதனை வந்த பிறகுதான் இந்த நோயை ஆயிரக்கணக்கான பேரிடம் தேடிப் பார்க்க முடிந்தது. பல நாட்டு ஆய்வுகளையும் ஒன்றாகத் தொகுத்து 2018-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. ரத்தத்தில் நோயின் அடையாளம் உள்ளவர்கள் உலக அளவில் 1.4 சதவிகிதம், குடல் சதையை எடுத்துப் பார்த்து உறுதி செய்யப்பட்டவர்கள் 0.7 சதவிகிதம். அதாவது 140 பேருக்கு ஒருவர். கண்டம் வாரியாகப் பார்த்தால் ஐரோப்பாவில் 0.8, ஆசியாவில் 0.6, வட அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் 0.5, தென் அமெரிக்காவில் 0.4 சதவிகிதம்.

இவை சராசரிகள். சராசரியை நம்பிச் சரக்கு வாங்கினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? ஊருக்கு ஊர் வித்தியாசம் பெரியது. பின்லாந்தில் 1978-80-ல் சேகரித்து வைத்த ரத்தத்தையும், 2000-01-ல் எடுத்த ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். 1 சதவிகிதமாக இருந்தது இருபது வருஷத்தில் 2 சதவிகிதமாகிவிட்டது. ஜப்பானில் பத்தாயிரத்துக்குச் சில பேர் மட்டுமே. அங்கே இதற்கான பரம்பரைக் கூறும் குறைவு, கோதுமையும் பழைய உணவு அல்ல.

மிக அதிகமாகக் காணப்பட்டது ஐரோப்பாவிலும் அல்ல, அமெரிக்காவிலும் அல்ல. ஆப்பிரிக்காவின் மேற்குச் சகாராவிலிருந்து வெளியேறி, அல்ஜீரியாவின் அகதி முகாம்களில் வாழும் சஹ்ராவி மக்களிடம்தான். 1999-ல் வெளியான ஆய்வில் அந்த மக்களின் குழந்தைகளில் 5.6 சதவிகிதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. பதினெட்டுப் பேருக்கு ஒரு குழந்தை! பாலைவனத்தில் ஒட்டகப் பாலும் பேரீச்சம்பழமுமாக வாழ்ந்த சமூகம் அது. பின்னால் கோதுமை மாவு அவர்களுடைய பிரதான உணவாகிவிட்டது. பரம்பரைக் கூறும் இந்த உணவு மாற்றமும் சேர்ந்த விளைவு இது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள்.

நம் நாட்டுக் கணக்கு

இந்தியாவில் இது புதிய நோய் அல்ல. வட இந்தியக் குழந்தைகளிடம் இந்த நோய் இருப்பதை டாக்டர் பி.என்.எஸ். வாலியாவும் அவருடைய சகாக்களும் 1966-லேயே எழுதினார்கள். பஞ்சாபிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதிக்குக் குடியேறியவர்களிடம் இது அதிகம் என்று 1993-ல் ஓர் ஆய்வு சொன்னது. லூதியானாவில் 4,347 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2006-ல் வெளியிட்ட கணக்கு: 310 பேருக்கு ஒருவர். டில்லி வட்டாரத்தில் 10,488 பேரை வீடு வீடாகப் பார்த்து 2011-ல் வெளியிட்ட கணக்கு: 96 பேருக்கு ஒருவர்.

நமக்கு வேண்டிய கணக்கு 2016-ல் வந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும், வேறு மாநில டாக்டர்களும் சேர்ந்து செய்த ஆய்வு. நாட்டின் மூன்று மூலைகளில் ஆரோக்கியமாக நடமாடும் பெரியவர்களாகப் பார்த்து ரத்தம் எடுத்தார்கள். வடக்கே ஹரியானா, டில்லிப் பகுதியில் 6,207 பேர். வடகிழக்கே அஸ்ஸாமில் 8,149 பேர். தெற்கே நம் வேலூர்ப் பகுதியில் 8,973 பேர்.

நோய் இருந்தவர்கள் பத்தாயிரத்துக்கு இத்தனை பேர் என்று பார்த்தால்:

வடக்கு – 85 பேர்
வடகிழக்கு – 47 பேர்
தெற்கு – 1 பேர்

தெற்கில் ரத்தத்தில் அடையாளம் மட்டும் தெரிந்து, குடல் இன்னும் கெடாதவர்கள் பத்தாயிரத்துக்கு 12 பேர் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்தால்கூட வடக்கின் கணக்குக்குப் பக்கத்தில் வராது.

'நல்லவேளை, நம் தமிழ் ரத்தம் கெட்டி' என்று மீசையை முறுக்கிக்கொள்ளலாமா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த நோய் வருவதற்குப் பரம்பரையாக வரும் ஒரு கூறு உடம்பில் இருந்தாக வேண்டும். அது இல்லாதவருக்கு இந்த நோய் வருவது மிக அபூர்வம். இருப்பவர் எல்லோருக்கும் நோய் வந்துவிடும் என்பதும் இல்லை. அந்தக் கூறு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதையும் அதே ஆய்வில் பார்த்தார்கள். வடக்கில் 38.1 சதவிகிதம், வடகிழக்கில் 31.4 சதவிகிதம், தெற்கில் 36.4 சதவிகிதம். வடக்குக்கும் நமக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! விதை இரண்டு வயலிலும் ஒரே அளவுதான் விழுந்திருக்கிறது. அங்கே முளைக்கிறது, இங்கே முளைக்கவில்லை.

பிறகு எதில் வித்தியாசம்? தட்டில். ஒரு நாளைக்கு ஒருவர் சாப்பிடும் கோதுமை வடக்கில் சராசரி 455 கிராம். தெற்கில் வெறும் 25 கிராம். அரிசிக் கணக்கு இதற்கு நேர்மாறு.

கோதுமை மட்டுமா காரணம்?

அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. அஸ்ஸாமைக் கவனியுங்கள். அங்கே கோதுமை ஒரு நாளைக்கு 37 கிராம்தான். நம்மை விட 12 கிராம் கூடுதல். நோயோ நம்மைப் போல் நாற்பது மடங்கு. அப்படியானால் கோதுமையின் அளவு ஒன்றை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது.

பின்லாந்துக்கும் அதை ஒட்டிய ரஷ்யாவின் கரேலியாப் பகுதிக்கும் நடுவில் நடந்த ஓர் ஆய்வும் இதையே காட்டுகிறது. எல்லைக்கு இரு பக்கமும் பரம்பரைக் கூறு ஒரே மாதிரி, கோதுமை சாப்பிடுவதும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் 2008-ல் வெளியான கணக்குப்படி பின்லாந்துப் பிள்ளைகளில் 107 பேருக்கு ஒருவர்; கரேலியாவில் 496 பேருக்கு ஒருவர். சுற்றுப்புறமும் வாழ்க்கை முறையும் குழந்தைப் பருவத்து நோய்த்தொற்றுகளும் இதில் பங்கு வகிக்கலாம் என்று கருதுகிறார்கள். ஸ்வீடனில் 1984-லிருந்து 1996 வரை சின்னக் குழந்தைகளிடம் இந்த நோய் மளமளவென்று பெருகி, பிறகு தணிந்தது. கைக்குழந்தை உணவில் கோதுமையைச் சேர்க்கும் அளவும் முறையும் மாறியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: கோதுமை மட்டுமே காரணம் இல்லை, ஆனால் கோதுமையோ பார்லியோ இல்லாமல் இந்த நோய் இல்லை. நம்மிடம் நோய் குறைவு என்பதற்கு ரத்தத்தின் பலத்தை விட நம் சமையலறையின் பழக்கமே பெரிய காவலாக இருந்திருக்கிறது. அந்தப் பழக்கமோ நம் கண் முன்னாலேயே மாறிக்கொண்டிருக்கிறது.

மாறும் தட்டு, மாறும் சரக்கு

நம் பக்கம் கோதுமை சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில். அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் கப்பல் கப்பலாக வந்த கோதுமை, 1960-களில் ரேஷன் கடைகளில் கொடுக்கப்பட்டது. அன்றைக்கு அரிசி கிடைக்காதவர்கள் முகம் சுளித்துக்கொண்டு வாங்கிய சரக்கு அது. இன்று நிலைமை வேறு. நீரிழிவு என்று டாக்டர் சொன்ன மறுநாளே இரவுச் சாப்பாடு சப்பாத்தியாகிவிடுகிறது. சின்ன ஊர் முக்கில்கூடப் பரோட்டாக் கடை. பள்ளிக்குப் போகும் பிள்ளையின் டப்பாவில் நூடுல்ஸ், பிஸ்கட். 2022 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவா உப்புமா எல்லாம் உண்டு. பசித்த பிள்ளைக்குக் காலையில் சூடாகச் சோறு போடும் அருமையான திட்டம் அது. அதைக் குறை சொல்லவில்லை. கோதுமை இப்போது எல்லாத் தட்டிலும் இருக்கிறது என்பதைக் காட்டவே சொன்னேன். நம் கடைகளிலேயே ஆட்டா, மைதா, ரவை, சேமியா பிடிக்கும் இடம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஒவ்வொருவரும் தம் கொள்முதல் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி சுமார் 13 லட்சத்து 70 ஆயிரம் பேர். வேலூர் ஆய்வின் விகிதத்தை அப்படியே போட்டால், மாவட்டம் முழுவதும் 150 பேருக்கு இந்த நோய் இருக்கலாம். வடக்கின் விகிதம் நமக்கும் வந்துவிட்டால் அது 11,000-ஐத் தாண்டும். வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்ப்பது வியாபாரியின் வழக்கம்.

இன்னொன்றும் உண்டு. அரிதான நோய் என்பதாலேயே நம் பக்கம் டாக்டர்களுக்கும் இது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. தென்னாட்டில் தீராத வயிற்றுப்போக்கும் சத்துக் குறைவும் என்றால் 'ஸ்ப்ரூ' என்ற வேறு நோய்தான் முன்பு பிரசித்தம். 1960-களில் வட ஆர்க்காடு கிராமங்களில் அது கொள்ளைநோய் போலப் பரவியபோது, வேலூரில் டாக்டர் செல்வின் பேக்கரும் டாக்டர் வி.ஐ. மாத்தனும் அதை ஆராய்ந்தார்கள். இந்தச் சூழ்நிலையில் சீலியாக் குழந்தை ஒன்று நம் ஊரில் பிறந்தால் என்ன நடக்கும்? வயிற்றுப்போக்கு என்றதும் நாம் என்ன கொடுப்போம்? பன், ரஸ்க், ரொட்டி, பிஸ்கட், பார்லிக் கஞ்சி! 'எளிதில் செரிக்கும்' என்று அன்போடு வாங்கிக் கொடுப்பது அத்தனையும் அந்தக் குழந்தைக்கு விஷம். வாங்குவது நம் கடையில்.

மலையிலிருந்து இறங்கும் மாற்று

அரிசி, உளுந்து, துவரை, பச்சைப்பயறு, சோளம், மக்காச்சோளம் எதிலும் இந்த நோயாளியைக் கெடுக்கும் பசை இல்லை. கம்பு, கேழ்வரகு, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு, சாமை எதிலும் இல்லை. மரவள்ளிக் கிழங்கிலும் அதிலிருந்து வரும் ஜவ்வரிசியிலும் இல்லை.

இந்தப் பட்டியலைப் பார்த்தால், நம் மாவட்டத்தின் விளைச்சலையே எழுதி வைத்த மாதிரி இல்லையா? சமவெளி முழுவதும் நெல். மேற்கே கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்த சாமையும் தினையும் கேழ்வரகும். மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி. சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள். அந்தச் சரக்கை விற்றுக் கொடுக்க 1981-லிருந்து சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம். டில்லியில் ஒரு சீலியாக் குழந்தையின் தாய் தேடித் தேடி வாங்கும் பொருள்கள், வெள்ளிமலைப் பக்கத்து வீடுகளில் அன்றாடச் சோறாக இருந்தவை.

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நம் நாடு முன்மொழிந்துதான் அது நடந்தது. அதன்பின் நகரத்துக் கடைகளில் சாமைக்கும் தினைக்கும் நல்ல மவுசு. மலைச் சரக்கைக் கண்ணியமான விலைக்கு எடுத்து, கல் நீக்கி, வேறு தானியம் கலக்காமல் கட்டி விற்றால் நமக்கும் லாபம், மலை விவசாயிக்கும் லாபம். ஆனால் 'கலக்காமல்' என்ற சொல் இங்கே வழக்கத்தை விடக் கண்டிப்பானது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஒரு மேசைக்கரண்டி மைதா

'குளூட்டன் இல்லாதது' என்று அட்டையில் அச்சடித்து விற்க வேண்டுமானால், ஒரு கிலோவில் 20 மில்லி கிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் அளவு இது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவும் இதுவே. 50 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால் 1 கிராம் குளூட்டன். மைதாவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குளூட்டன் இருக்கும். ஆக, 50 கிலோ சாமை மாவில் ஒரு மேசைக்கரண்டி மைதா கலந்துவிட்டாலே அளவு தாண்டிவிடும்.

நம் கடைகளில் என்ன நடக்கிறது? மைதா மூட்டையில் போட்ட அள்ளுகரண்டியைக் கடலை மாவிலும் போடுகிறோம். மாவு மில்லில் கோதுமை அரைத்து முடித்த கையோடு கேழ்வரகைக் கொட்டுகிறார்கள். கோதுமைச் சாக்கை உதறி அதிலேயே தினையைக் கட்டுகிறோம். மற்ற வாடிக்கையாளருக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. சீலியாக் நோயாளிக்குக் கெடுதல் உண்டு. ஆகவே கடைப்பலகையில் 'குளூட்டன் இல்லாத சிறுதானியம்' என்று எழுதி வைத்து, உதிரியாக அள்ளிப் போட்டு விற்காதீர்கள். பரிசோதனை செய்யாமல் அப்படிச் சொல்வது சட்டப்படியும் தவறு, தர்மப்படியும் தவறு.

ஒளிந்திருக்கும் கோதுமை

நான் சரக்குப் போடும் ஒரு சில்லறைக் கடையில் சில வருஷங்களுக்கு முன் நடந்தது. ஹரியானாவிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி ஒருவரின் மனைவி, கூட்டுப் பெருங்காய டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு, "தம்பி, இதில் கோதுமை இருக்கிறதா?" என்று கேட்டார். கடைப் பையன், "பெருங்காயத்தில் கோதுமை எதுக்கும்மா வரப்போவுது?" என்று சிரித்தான். அந்த அம்மா டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். கருவேலம் பிசின், மைதா, பெருங்காயம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. அவருடைய மகளுக்கு இந்த நோய். ஒரு சிட்டிகைப் பெருங்காயம் போட்ட சாம்பாரில்கூட அவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர் வேறு கம்பெனி டப்பாக்களை எடுத்துப் பார்த்து, அரிசி மாவு சேர்த்த ஒன்றைத் தேடிக் கொடுத்தார். அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போகும் வரை வேறு கடைக்குப் போகவில்லை.

கேட்கும் வாடிக்கையாளருக்குச் சரியான பதில் சொல்ல, இவற்றை நாமும் கடைப் பையன்களும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது:

மைதா, வெள்ளை ரவை, சேமியா மூன்றும் கோதுமையே. மரவள்ளி விளையும் நம் பக்கத்தில் மைதாவைக் கிழங்கு மாவு என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது தவறு.

சம்பா கோதுமையும் கோதுமைதான். நாட்டு ரகம் என்பதால் இந்த நோயாளிக்கு ஆகும் என்று சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது.

பார்லி அரிசி ஆகாது. ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் பார்லியும் கோதுமையும் சேர்வதால் அவையும் ஆகா.

சத்து மாவு, கஞ்சி மாவு வகைகளில் வறுத்த கோதுமை சேர்ப்பது வழக்கம். பஜ்ஜி மாவு, சோயா சாஸ், சில அப்பளங்கள், மிட்டாய்கள் ஆகியவற்றில் பொருள் பட்டியலைப் படிக்காமல் பதில் சொல்லாதீர்கள்.

ஓட்ஸில் கோதுமை கலந்து வருவது சகஜம். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சடித்த பாக்கெட்டைத் தவிர வேறு கொடுக்க வேண்டாம்.

2020-ல் வந்த உணவு அட்டை விதிகளின்படி, குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் பாக்கெட்டின் மேல் தனியாகக் குறிப்பிட வேண்டும். பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க அரை நிமிஷம் ஆகும். ஊறுகாய், பொடி வகைகளைச் சொந்தமாகப் பாக்கெட் போட்டு விற்கும் உறுப்பினர்களும் இந்த விதிக்கு உட்பட்டவர்களே.

நாம் செய்யக் கூடாதது

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, வயிற்றுவலி என்று சொல்லும் வாடிக்கையாளரிடமெல்லாம் 'கோதுமையை நிறுத்துங்கள், சாமை வாங்குங்கள்' என்று வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடக் கூடாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் கோதுமை நல்ல உணவுதான். தவிர, முன்கூட்டியே கோதுமையை நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையிலும் குடல் பரிசோதனையிலும் நோய் தெரியாமல் போய்விடும். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம் என்பதுதான் முறை. குழந்தை வளரவில்லை, ரத்தசோகை தீரவில்லை என்று ஒரு தாய் கடையில் சொல்லி வருத்தப்பட்டால், 'கோதுமை ஒவ்வாமை நோய் இருக்கிறதா என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கம்மா' என்று சொன்னால் போதும். வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அப்படி நெருங்கிய உறவினரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இது இருக்கக் காணப்பட்டிருக்கிறது.

நம் பாட்டன் காலத்தில், வாங்குகிறவனுக்கு எந்தச் சரக்கு எங்கே விளைந்தது, எதில் அரைத்தது என்பது தெரியும். இன்று பாக்கெட்டில் வருவதால் அவனுக்குத் தெரிவதில்லை, நம்மைக் கேட்கிறான். எடையில் குறைக்காமல் இருப்பது போலவே, பதிலிலும் குறை வைக்காமல் இருப்பது நம் தொழிலுக்கு அழகு. மாவட்டத்தில் 150 பேரே இருந்தாலும் அவர்கள் 150 குடும்பம். ஒவ்வொரு குடும்பமும் ஏதோ ஒரு மளிகைக் கடையின் வாடிக்கை.